எழுத்து மட்டும் தெளிவாக

"என்ன இது, பேரே படிக்க முடியல? எழுத்தெல்லாம் கொழகொழன்னு இருக்கு!"

கிரிதரின் குரல் உயர்ந்ததும் மதுவந்தி படத்தை நிறுத்தினாள். கொல்கத்தாவின் டாலிகஞ்சில் இருந்த அந்தச் சின்ன எடிட்டிங் ஸ்டுடியோ அவனுடையது. வெளியே காலையிலிருந்து விடாத மழை. ஒரு பெண்கள் அமைப்பு கொடுத்திருந்த ஆவணப்படம் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

திரையில் ஒரு பெண், கணவன் தன்னை அடிப்பதைப் பெங்காலியில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரிதருக்குப் பெங்காலி அரைகுறை. ஜாதவ்பூரில் பிறந்து வளர்ந்த மதுவந்திக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதனால் இந்த மாதிரி வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும். அந்தப் பெண்ணின் குரலை மாற்றி, முகத்தையும் மங்கலாக்கியிருந்தாள். கூடவே, கீழே இருந்த 'தாரா - பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்ற வரியும் மங்கிப் போயிருந்தது.

"ப்ளரைக் கொஞ்சம் குறை. எழுத்து தானா தெளிஞ்சுடும்."

"வேண்டாம். முகம் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்ன? ஊர்ல எத்தனையோ பெங்காலிப் பொண்ணுங்க. யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

"புருஷன் கண்டுபிடிச்சா போதாதா? யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னு சொன்ன பிறகுதான் கேமரா முன்னாடி உட்கார்ந்திருக்கா. அவனுக்குத் தெரிஞ்சா உயிரோட விட மாட்டான்."

"ரொம்பத்தான் கரிசனம்! நகரு, நானே குறைக்கிறேன்." கிரிதர் மவுஸைப் பிடுங்கிக்கொண்டான்.

மங்கல் மெல்ல விலகத் தொடங்கியது. மூக்கும் வாயும் இருக்கும் இடம் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்! தப்பு அதுல இல்ல" என்று அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "ப்ளர் எல்லாத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கு. அதான் எழுத்தையும் சேர்த்து மறைக்குது. எழுத்தைத் தூக்கி அதுக்கு மேலே வெச்சுட்டா போதும். சின்னதா அடிச்சதை இழுத்துப் பெரிசாக்கினதும் தப்பு. சரியான அளவுல புதுசா அடிச்சுடறேன்."

அவன் அரை மனதாகக் கையை எடுத்தான். அவள் மங்கலைப் பழையபடி ஏற்றிவிட்டு, அந்த வரியைப் புதிதாக அடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். முகம் மறைந்தது. மாற்றிய பெயர் மட்டும் பளிச்சென்று நின்றது.

"ம்... இப்ப கண்ணுல ஒத்திக்கலாம்." கிரிதர் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "எந்த பெங்காலிக்காரன் பொண்டாட்டியோ, பாவம்! கட்டினவ மேல கை நீட்ட எப்படித்தான் மனசு வருதோ!"

அவன் குடையை எடுத்துக்கொண்டான். "அனுப்பிட்டுச் சீக்கிரம் கீழே வா, கார்ல இருக்கேன். வீட்டுக்குப் போய் நீ சமைக்கணும். நேத்து மாதிரி லேட் பண்ணி, என்னைக் கை நீட்ட வெக்காதே."

"சரிங்க" என்ற மதுவந்தி, கதவு சாத்தப்பட்டதும் திரையிலிருந்த தன் முகத்தின் மேல் மங்கலை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.