கடுகு வெடிக்கும் இடம்

"மனிதன் தீயைக் கண்டுபிடித்தான், நான் அதற்கு ஓய்வு கொடுத்தேன்" என்பார் தீப்பாதுகாப்புப் பொறியாளர் பரஞ்சோதி. விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே சொல்வார். அவர் வடிவமைத்து, அவரே குடியிருக்கும் மூங்கில் அடுக்குமாடி, தீயணைக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவழிக்காது. தீப்பிடித்த அறையின் கதவைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிடும்.

மற்ற குடித்தனக்காரர்களுக்கு அதன்மேல் சந்தேகம். தாளிக்க மட்டும் வாணலியோடு கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் வைத்திருந்த பொது அடுப்புக்குப் போவார்கள்.

"என்ன ஸ்டெல்லாம்மா, கடுகுக்கு வாக்கிங்கா?" என்று வாணலியோடு வரும் ஸ்டெல்லாவை லிஃப்டில் சீண்டுவார் பரஞ்சோதி. "தாளிப்பு எது, தீ எதுன்னு அதுக்குத் தெரியும்."

"அதுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியுமா?"

ஞாயிறன்று அவர் மனைவி வசுமதி ரசத்துக்குத் தாளிக்கும்போது மிளகாய் கருகிவிட்டது. சமையலறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பரஞ்சோதி ஓடிப்போய்த் தள்ளினார், அசையவில்லை. உள்ளே இருமல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. "வசு" என்று தோளால் இடித்தார். கதவு, யோசித்து முடித்ததுபோல, நிதானமாகத் திறந்தது.

"நீங்களா சாத்தினீங்க?" என்றாள், மூச்சு வாங்க.

"காத்துல சாத்திக்கிச்சு." ஜன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

மறுநாள், "நீ குளி, சாம்பாரை நான் பார்த்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, ஆள் இல்லாத படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினார். கையில் வாணலி, சட்டைப்பையில் கடுகு. ஸ்டெல்லாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

அவள் திரும்பி, அவர் கையிலிருந்த வாணலியைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.