இன்றைய ஆழம்

2003-இல், வேங்கிக்காலுக்கு அப்பால் இருந்த ஏரி வறண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பருவநிலை மாற்றத்தை ஏரி மீனவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்வதற்காக, பக்கத்து நகரில் ஓர் ஆசிரமத்தருகே ஏசி அறையில் தங்கியிருந்த முனைவர் அறிவுச்செல்வன், ஒரு மாலை கோப்பும் கையுமாக மீனவர் சுப்பன் வீட்டுக்கு வந்தார்.

சுப்பன் இல்லை. அவர் மனைவி ராணியம்மாள்தான் பேசினாள்.

"தெனம் வலை போடப் போறாருங்க. வந்ததும் இன்னிக்கு ஆழம் இவ்ளோன்னு சொல்வாரு, அது எங்க வழக்கம். போன வாரம் முட்டியளவுன்னாரு. அப்புறம் இடுப்புன்னாரு. நேத்து கழுத்தளவாம். சட்டையும் அதுவரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. இன்னிக்குப் போவாதீங்கன்னேன், கேக்கல."

முனைவர் சிரித்தார். "ஏரியில லாரி ஓடுதும்மா." நீரின் ஆழம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். சமாளிக்கும் முறை என்ற கட்டத்தில் 'மனப்பிரமை' என்று எழுதி அடிக்கோடும் இட்டார்.

"எழுதுனது போதும் சார். பொழுது சாயுது, ஆளக் காணோம். கூட வந்து பாருங்க."

சுப்பனின் செருப்பு கரையில் இருந்தது. இருவரும் வெடித்த மண்ணில் இறங்கி நடு ஏரிக்குப் போனார்கள். அங்கே வலை விரித்திருந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டிய அதன் தக்கைகள், அவர்கள் தலைக்கு ஒரு முழம் மேலே, எதிலும் தொங்காமல், வரிசையாக அசைந்துகொண்டிருந்தன.

"ஏங்க... ஏங்க..." என்று ராணியம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

முனைவர் கோப்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, நுனிக்காலில் கரையை நோக்கி நடந்தார்.