இருநூறு ஜிபி அநியாயம்

"எல்லாருக்கும் ஐநூறு ஜிபி. எனக்கு மட்டும் இருநூறு. ஏன் சார், நான் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?"

ஆர்க்கிடெக்ட் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சர்வர் அறை வாசலில் நின்ற மனுஷன் அசையவில்லை.

"உங்களுக்கு அது போதும் மேடம்."

"போதலைன்னுதானே வந்து நிக்கறேன்!"

"பழசைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

ஆபீஸில் அவருக்குப் பெயர் பூட்டு சார். பதினாலு பேர் போடும் கட்டட பிளான் அத்தனையும் அவர் அறையிலிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்தான். யார் கம்ப்யூட்டரிலும் தனியாக ஒன்றும் கிடையாது. யார் எதைத் திறக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம், எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். போதாக்குறைக்குச் சிரிக்கவும் மாட்டார்.

பதினோரு மாசமாக ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு பிளான் போட்டவள் அவள். இன்றைக்கு மூன்று மணிக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து, பெட்டி இடமில்லை என்று அடம்பிடிக்கிறது!

மூன்று வாரமாக அவர்மேல் ஒரு புகார்க் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தாள். கோபம் வரும்போதெல்லாம் ஒரு பத்தி ஏறும். யார் கண்ணிலும் படாமலிருக்க அதற்கு 'படிக்கட்டு விவரம்' என்று பெயர் வைத்து, ஆஸ்பத்திரி பிளானோடு சேர்த்துப் போட்டிருந்தாள். வேறு எங்கே வைப்பது? அதுவும் அவர் பெட்டியில்தான்.

"இந்த வேலை முடியட்டும். அன்னைக்கே முதலாளி கையில குடுக்கறேன்."

முணுமுணுத்தபடி பழசைக் குறைக்க உட்கார்ந்தாள். நாலு ஃபோல்டர் இருந்தது. 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'இதுதான் கடைசி', 'சத்தியமா கடைசி'. சத்தியமே பண்ணியாச்சு, அப்புறம் மற்ற மூன்றும் எதற்கு? ஒரே அழுத்தில் அழித்தாள்.

பிறகு 'சத்தியமா கடைசி'யைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

போன வாரம் பெயர் வைத்ததோடு சரி. பிளானை அதற்கு மாற்றப் போகும்போது யாரோ கூப்பிட, அப்படியே மறந்து போயிருந்தாள்.

திரையிலிருந்த குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அதுவும் காலி. சொந்தக் கம்ப்யூட்டரில் அழித்தால்தான் அங்கே போய் விழும், பெட்டியில் அழித்தால் விழாது என்று பூட்டு சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். யார் காதில் வாங்கியது?

மணி பன்னிரண்டேகால். முதலாளி எதிரே வந்து நின்றார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"சார்... பெட்டி எல்லாத்தையும் முழுங்கிடுச்சு சார். அவர் ஒழுங்கா பாத்துக்கலை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அதற்குள் முதலாளி சர்வர் அறைக்குள் பாய்ந்துவிட்டார்.

"இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா ஆபீஸை இழுத்து மூடணும்யா! தெரியுமா உனக்கு?"

"அரை மணி நேரம் குடுங்க சார்" என்று மட்டும் கேட்டது பூட்டு சார் குரல்.

அந்த அரை மணி நேரமும் அவள் நகத்தைக் கடித்தே தீர்த்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரையில் ஒரு ஃபோல்டர் முளைத்தது. 'இதுதான் கடைசி'. உள்ளே ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தை வார்டு, பிள்ளைகள் விளையாடும் தாழ்வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு பிளானும் அப்பழுக்கில்லாமல்!

"வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு!"

அவள் போட்ட கூச்சலில் ஆபீஸே ஓடி வந்தது. இரண்டு நாற்பதுக்கு அனுப்பியும் ஆயிற்று.

"என்னய்யா ஆச்சு? யார் பண்ணின வேலை இது?" என்றார் முதலாளி.

பூட்டு சார் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பெட்டியில சின்னக் கோளாறு சார். என் தப்புதான். இனிமே நடக்காது."

பத்தாம் நாள் முடிவு வந்தது. முப்பது ஆபீஸைத் தள்ளிவிட்டு வேலை இவர்களுக்கே! முதலாளி நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார். அந்த ஆரவாரத்திலிருந்து நழுவி, அவள் நேரே சர்வர் அறைக்குப் போனாள்.

"சார், அன்னைக்கு அழிச்சது நான்தான். இப்பவே போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"யார், எத்தனை மணிக்கு அழிச்சாங்கன்னு பெட்டி அன்னைக்கே எழுதி வெச்சிடுச்சு மேடம்."

"தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"பதினோரு மாசம் உழைச்சவங்க, கடைசி நாள்ல திட்டும் வாங்கணுமா?"

"ஆனா போனது எப்படி சார் திரும்பி வந்துது?"

"உங்களுக்கும் ஐநூறுதான் மேடம். மீதி முன்னூறுல உங்க வேலையை மணிக்கு ஒரு தடவை நகல் எடுத்து வெக்கறேன். மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான். கோபம் வந்தா உங்க கை சும்மா இருக்காது, எதையாவது அழிச்சிடும். நாலு தடவை பாத்துட்டேன்."

"ரொம்ப நன்றி சார். ஒண்ணு விடாம எல்லாம் வந்துடுச்சு."

"ஒண்ணு வரல. எல்லாம் ஒழுங்கா திறக்குதான்னு பாத்துட்டுத்தான் அன்னைக்குத் திருப்பிக் குடுத்தேன். 'படிக்கட்டு விவரம்' மட்டும் தனியா எடுத்து வெச்சேன். முதலாளி பக்கத்துல நிக்கும்போது திறந்துக்கிச்சுன்னா உங்களுக்குத்தானே சங்கடம்?"

பூட்டு சார் முதல் தடவையாகச் சிரித்தார்.

"நாப்பத்தோரு நகல் பத்திரமா இருக்கு மேடம். அதுல எது கடைசின்னுதான் எனக்குத் தெரியல. நீங்களே பாத்து எடுத்துக்குங்க."