பச்சைத் தட்டு

"பச்சைதான் வேணும்" என்று ஹில்லா மறுபடியும் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் அலமாரி, முன்னால் அப்பா. நகர இடமில்லை.

காட்டுப் பாதையில் தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்துக்கான கடை அது. கடைக்காரப் பெண்மணி ரீத்வா, ஆரஞ்சுத் தட்டு ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இதப் புடிச்சுப் பாரு, கண்ணு. எட்டு வயசுக்கு ஏத்த எடை. மெதுவா, நேரா பறக்கும். நீ சும்மா விட்டாலே சங்கிலிக் கூடைக்குள்ள போயிடும்."

"எடை சரியா இருக்கு. இதையே பச்சையில குடுங்க."

"பச்சைய எறிஞ்சா காட்டுல யாரு கண்ணுக்குத் தெரியும்? புதுசா ஆட வர்ற பிள்ளைங்களுக்கு நான் பச்சை குடுக்கிறதே இல்ல."

"அதுக்குத்தான் கேக்கறா" என்றார் அப்பா யார்மோ. "போன சனிக்கிழமை இவ அண்ணனோட பச்சைத் தட்டத் தூக்கிட்டு வந்தா. எறியறதும் தொலைக்கறதுமா இருந்தா, ரீத்வா! பாதி சாயங்காலம் புளூபெரிப் புதருக்குள்ளயே போச்சு. கொசு வேற புடுங்கி எடுத்துடுச்சு."

"ஓ, அதான் அப்பனும் பொண்ணும் பழம் தின்னு நீலமான வாயோட கடை வழியாப் போனீங்களா?"

யார்மோ சிரிக்கவில்லை. "ஆட்டச் சங்கத்துல இரவல் வாங்கின சிவப்புத் தட்டு இருந்த வரைக்கும் இந்தத் தொல்லையே இல்ல. மளமளன்னு முடிச்சிட்டு நேரத்தோட சவுனா நீராவிக் குளியலுக்குப் போயிடுவோம்."

அவர் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"ஹில்லா, இந்த ஆட்டம் புடிக்கலேன்னா நேரா சொல்லிடு. இப்படித் தொலைச்சுத் தொலைச்சுத் தப்பிக்கப் பாக்காத. இனிமே சனிக்கிழமை நான் தனியாப் போய்க்கறேன். நீ வீட்ல இரு."

ஹில்லாவுக்கு ஆரஞ்சும் வேண்டாம், வீடும் வேண்டாம். கடையில் பார்க்க வேறு எதுவுமே இல்லாததுபோல இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புடிக்கும்" என்றாள், தலையைக் குனிந்தபடி.

"அப்புறம் எதுக்குடி தொலையற தட்டா பாத்துக் கேக்கற?" என்றார் அப்பா.

அவள் தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வாசல் பக்கம் ரீத்வா நின்றிருந்தார். வழியில்லை.

"தேடும்போது மட்டும்தான்ப்பா நீ எங்கூடப் பேசற."