போகாதே, போகாதோ

ஒத்திகைக்கு நடுவே ஐந்து நிமிடம் தருவதாகப் பாடகி சொல்லியிருந்தார். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் எழுத்துதான்.

'அரைத்தூக்கம்' என்பது அவருடைய குழுவின் பெயர். ரசிகர்களான எங்களை வீட்டிலிருப்பவர்கள் தூங்குமூஞ்சிகள் என்பார்கள். எதற்கு வம்பு என்று நாங்களும் அதையே சங்கத்துக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

வீட்டிலிருப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிட்டார் பக்கத்து வீட்டுக் குளியலறையில் வாசிப்பது போலக் கேட்கும். பாடகியின் குரல் அதற்குள் கரைந்துவிடும். பாதி வார்த்தை காதில் விழாது. மீதியை நாங்களாக நிரப்பிக்கொள்வோம்.

ஆனாலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டபடி வேலைக்குப் போனால் அன்றைக்கு யார் மேலும் கோபமே வருவதில்லை என்று எங்கள் சங்கத்திலுள்ள பஸ் கண்டக்டர் சத்தியம் செய்வார். எனக்கும் அப்படித்தான்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அதனால் பாட்டுப் புத்தகம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏழு வருடம் கழித்துக் குழு மறுபடி மேடையேறுகிறது. மறுநாள் கச்சேரிக்கு வரும் முந்நூறு பேர் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

இருபத்தாறு பாட்டும் முடிந்துவிட்டன, ஒரு வார்த்தையைத் தவிர. கடைசிப் பாட்டின் கடைசி வார்த்தை. அதில்தான் சங்கமே இரண்டாக உடைந்தது.

போகாதே என்றது ஒரு கட்சி. போகாதோ என்றது இன்னொரு கட்சி. அந்த முடிவெழுத்தைப் பாடகி பதினொரு நொடி இழுப்பார். சங்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார். அது முடிவதற்குள் கிட்டார் வந்து மூடிவிடும்.

போகாதே என்றால் யாரோ யாரையோ தடுக்கிறார்கள். போகாதோ என்றால் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. இந்த மழை போகாதோ, இந்த வலி போகாதோ என்கிற வெறும் அலுப்பு.

நான் 'தே' கட்சிக்குத் தலைவி. 'தோ' கட்சியில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஆள், என் அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேறு எதற்கும் பிடிவாதம் பிடிக்கத் தெரியாத மனிதன், இந்த ஓர் எழுத்துக்காகக் கண்ணாடிக் கடைக்காரரோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டான். முதலில் காதைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வா என்று எல்லோர் முன்னாலும் அவனை நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகுமுன் திருத்திப் பார்க்கும் கடைசி புரூஃபில் போகாதே என்றே போட்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று அண்ணனும் ஒட்டிக்கொண்டான்.

அரங்கின் பின்வரிசையில் காத்திருந்தோம். டிரம்ஸ்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாடகி மேடை ஓரத்துக்கு வந்து கையைக் காட்டினார். நான் எழுந்ததும் அண்ணன் புரூஃபின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணி இறந்த நாளைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது மேடையைப் பார்த்தபடியே சொன்னான்.

அன்று காலை அண்ணிக்கு நல்ல காய்ச்சல். படுத்தபடி அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாராம். எங்களுக்கு இந்தக் குழுவை அறிமுகப்படுத்தியதே அண்ணிதான், அதனால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கோ லிஃப்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. அண்ணன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வார்த்தையை மட்டும் அண்ணி கண்ணைத் திறந்து இவனைப் பார்த்துப் பாடினாராம். அந்த முடிவெழுத்து இவனுக்கும் சரியாகக் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“'தோ'ன்னா அவ பாட்டுதான் பாடியிருக்கா. 'தே'ன்னா என்னைப் போகாதேன்னு சொல்லியிருக்கா. நான் போயிட்டேன்.”

இத்தனை வருடமாக எதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது என் மேலேயே வெறுப்பாக இருந்தது. கேட்கவே வேண்டாம், வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவன் புரூஃபிலிருந்து கையை எடுத்தான். கேட்டுவிட்டே வா என்று தலையை ஆட்டினான்.

பாடகி நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கேள்வியைக் கேட்டதும் இதற்கா இவ்வளவு சண்டை என்று சிரித்தார். பிறகு டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே என் காதுக்குப் பக்கத்தில் வந்து, கிட்டார் இல்லாமல், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பாடிக் காட்டினார். சந்தேகத்துக்கே இடமில்லை.

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். என் முகத்தையே பார்த்தான்.

“நீ சொன்னதுதாண்ணா. 'தோ'.”

அவன் அப்படியே உட்கார்ந்தான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதான். அண்ணி போனபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து மடியில் புரூஃபை விரித்தேன். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 'தே'யைத் 'தோ'வாக்க எதையும் அடிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் போதும். போட்டேன். திருத்தியவர் என்று ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பத்தொன்பது வருட வேலையில், தெரிந்தே நான் போட்ட முதல் பிழை அது.

மறுநாள் முந்நூறு பேர் அதைப் பார்த்துப் பாடினார்கள். அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.