பக்கத்தில் இருப்பவள்

"இந்தப் பொம்பளைய அழிச்சிடுங்க பாய். குழந்தை மட்டும் இருந்தாப் போதும்."

தாஜுதீன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எதிரே நின்ற சந்திரம்மாளைப் பார்த்தார். ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் சாலையில் அவருடைய ஸ்டூடியோ. படம் பிடிப்பதும் அவர்தான், நெகட்டிவில் டச்சப் செய்வதும் அவர்தான்.

மேசைமேல் கிடந்த படத்தில், காவிரிப் படித்துறையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தது. அதன் இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண் குந்தியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

"ஆடிப்பெருக்கன்னிக்கு எடுத்ததுங்க. நான் கேமராவோட நின்னதே குழந்தைக்குத் தெரியாது. போஸ் கொடுக்கச் சொன்னா இப்படி ஒரு சிரிப்பு வருமா?"

"சிரிப்பு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கறதுதான் வேணாங்கறேன்."

"நீங்க..."

"பெத்தவ. என் பொண்ணு அது. தமிழரசி."

படத்தில் இருந்தவள் மயிலம்மாள். சந்திரம்மாளுடைய கணவனின் அண்ணன் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை.

சந்திரம்மாள் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒரு வாரம் காலை ட்யூட்டி, ஒரு வாரம் மாலை ட்யூட்டி. திருவானைக்காவல் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் மயிலம்மாள்தான்.

ஆடிப்பெருக்கன்றும் சந்திரம்மாளுக்கு ட்யூட்டி. வீட்டில் எல்லோரும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்குப் போனார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்றுத்தான் கூட வேலை பார்க்கும் ஷரபுன்னிசா சொன்னாள்:

"சந்திரா, போன வாரம் அம்மாமண்டபம் பக்கம் போனேன். ஒரு ஸ்டூடியோ ஷோகேஸ்ல உன் பொண்ணு படம் வச்சிருக்காங்கடி. கூட உன் மச்சாண்டார் பொண்டாட்டி. தெரியாதவங்க பாத்தா அம்மாவும் பொண்ணும்னுதான் சொல்லுவாங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று சந்திரம்மாள் இணைத்த அழைப்புகளில் பாதி தப்பான நம்பருக்குப் போனது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினாள்.

"அரசி, வாடா கண்ணு."

குழந்தை பெரியம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அம்மா வந்துட்டா பாரு. ஓடு, ஓடு. அம்மாகிட்ட போ" என்று மயிலம்மாள் முதுகில் தட்டி அனுப்பினாள்.

என் பிள்ளையை என்னிடம் அனுப்பி வைக்க இவள் யார்?

பெரியம்மா பின்னிவிட்ட சடையை அவிழ்த்து, சந்திரம்மாள் தன் கையால் புதிதாகப் பின்னினாள். அது ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. குழந்தை சிணுங்கியது. மயிலம்மாள் அடுப்படிக்குப் போனாள். போகும்போது சிரித்துக்கொண்டே போன மாதிரி இவளுக்குத் தோன்றியது.

இன்று லீவு போட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்து பார்த்தால் ஷோகேஸில் படத்தைக் காணோம். கேட்டதும் தாஜுதீன் உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார்.

"முடியுமா, முடியாதா பாய்?"

"முடியுங்க. நெகட்டிவ்ல அவங்க இருக்கற இடத்துல சிவப்பு மை பூசிட்டா, படத்துல வெறும் வெள்ளையா விழும். இடுப்பைப் பிடிச்சிருக்கற விரலை மட்டும் கவுன் மடிப்பு மாதிரி மாத்தணும்." அவர் குரல் தயங்கியது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? குழந்தையை வளக்கறேன் வளக்கறேன்னு அம்மா ஸ்தானத்துக்கே வந்துட்டாங்க. ஊரு பாக்கப் படத்துலயும் உக்காந்துட்டாங்க. இதையாவது எனக்குன்னு வச்சுக்கறேன்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. அவங்க வந்து பழைய படத்தைக் கேட்டா, நெகட்டிவ் வீணாப்போச்சுன்னு சொல்லிடுங்க."

தாஜுதீன் உள்ளே போனார். போன வேகத்தில் ஒரு கவரோடு திரும்பி வந்து, அதை அவள் முன்னால் வைத்தார்.

சந்திரம்மாள் பிரித்துப் பார்த்தாள்.

தமிழரசி மட்டும் இருந்தாள். அதே தண்ணீர், அதே சிரிப்பு. பக்கத்தில் பளிச்சென்று வெள்ளை. விரல் இருந்த அடையாளம்கூடத் தெரியவில்லை. சந்திரம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. குழந்தை யாரையோ பார்த்துச் சிரித்தது. பார்த்த இடத்தில் யாரும் இல்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன் பாய், இப்பத்தானே சொன்னேன்? இதுக்குள்ள எப்படி முடிச்சீங்க?"

"இது இன்னிக்குச் செஞ்சதில்லம்மா. நாலஞ்சு நாளாச்சு. அவங்கதான் வந்து ஷோகேஸ்ல இருந்ததை எடுக்கச் சொன்னாங்க. குழந்தை மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கன்னாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கறதாச் சொல்லியிருக்காங்க."

"அக்காவா? எதுக்கு?"

தாஜுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"'எங்க சந்திரா நாள்பூரா புள்ளையைப் பிரிஞ்சு வேலை பாக்கறா. இதை அவ கூடவே வச்சுக்கட்டும். அவ எடுத்துப் பாக்கறப்ப பக்கத்துல நான் இருக்கக் கூடாது பாய், என்னை அழிச்சிடுங்க'ன்னாங்க."