நாத்தனார்கள்

ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தின் கீழே நின்றுகொண்டு எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் சரி என்றால் போடுவார்கள். வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

போடப் போவது அவள் புருஷனின் குரல். அவன் செத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவர்கள் ஜனத்தில், செத்தவரின் குரலை ஒரு வருஷத்துக்கு யாரும் கேட்கக் கூடாது. போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். குரல் காதில் விழுந்தால் போகிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்புறம் அவனுக்கும் போக வழி தெரியாது, இருக்கிறவர்களுக்கும் நிம்மதி கிடையாது என்பார்கள்.

பறவை மையத்துக்காரர்களுக்கும் இது தெரியும். காட்டில் அற்றுப்போன தரைப்பறவையை மறுபடி கொண்டுவர அவர்களும் இவளுடைய ஜனமும் கைகோத்தபோது, ஜனத்தின் வழக்கத்தை மீறி எதுவும் நடக்காது என்பதுதான் முதல் பேச்சு.

அந்தப் பேச்சை அவர்கள் ஒழுங்காகக் காப்பாற்றியதுதான் இப்போது வினையாகிவிட்டது.

புருஷனின் குலத்துக்கு அந்தப் பறவை தங்கச்சி முறை. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த நாள் முதல் அவன்தான் தீனி வைத்தான். தொண்டையை உருட்டி ஒரு கூப்பிடு கூப்பிடுவான். குஞ்சுகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும்.

அவனுக்குத் தங்கச்சி என்றால் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் தொல்லை இல்லாத வீடு என்று நம்பிக் கட்டிக்கொண்டேன், கூண்டு நிறையக் கொண்டுவந்து விட்டுவிட்டார் என்று அவள் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

கூண்டைத் திறந்துவிட்ட பிறகும் அவை தினமும் சாயங்காலம் அவன் குரலுக்கு வந்து தின்றுவிட்டுப் போயின. தானாக இரை தேடப் பழகும்வரை அப்படித்தான் ஏற்பாடு. பழகுவதற்குள் அவன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

அதோடு அவை வருவதை நிறுத்திவிட்டன. தட்டில் வைத்த தீனியை எறும்புதான் தின்றது.

கொழுந்தன் கூப்பிட்டுப் பார்த்தான். மையத்து டாக்டரம்மா கூப்பிட்டுப் பார்த்தார். அது விக்கல் மாதிரி இருந்தது. அவளும் தொண்டை வறளக் கூப்பிட்டாள். புதருக்குள் தலைகள் நிமிர்ந்தன, அவ்வளவுதான். தீனியைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனால் இன்னும் உள்ளே ஓடின.

காலில் மாட்டிய கருவியை வைத்துத் தேடிப்போனபோது சிலது செத்துக் கிடந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை என்றார் டாக்டரம்மா.

அவன் கூப்பிடுவதைப் பதிவு செய்து வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்க மையத்துக்குக் கூச்சம். போடு என்று சொல்ல ஜனத்துப் பெரியவர்களுக்குப் பயம். போடாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. பட்டினி கிடப்பது குலத்துத் தங்கச்சி அல்லவா? கடைசியில் எல்லோருமாக உட்கார்ந்து பேசி, கட்டினவள் சொல்கிறபடி செய்யலாம் என்று பெருந்தன்மையாக அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒருவராவது அதட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் இப்படி நல்லவர்களாக இருந்தால் அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?

ஓரகத்தியிடம் சொல்லி, குடியிருப்பில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைக்கச் செய்திருந்தாள். அவளால் முடிந்தது அது ஒன்றுதான்.

"போடுங்க டாக்டரம்மா. பாவம், பசியில கெடக்குதுங்க."

சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பொத்தியும் கேட்டது. முதலில் அவன் செருமினான். பிறகு கூப்பிட்டான். வீட்டில் வேலையாக இருக்கும்போது கேட்டு, ஆரம்பித்துவிட்டார் என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்ட குரல். இப்போது அவளுக்கு ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், கல்லை எடுத்து அந்தப் பெட்டியை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

புதர் அசைந்தது.

ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு கூட்டமாக ஓடிவந்தன. உடம்பு வற்றிப்போய்க் கால்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தட்டில் விழுந்தன.

கொழுந்தன் சத்தம் போடாமல் சிரித்தான். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கும் போட வேண்டியிருக்கும், அதற்கு மறுநாளும், இதுகள் தேறும்வரை தினமும் போட வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று இனி எப்படிச் சொல்வது?

அப்போதுதான் குடியிருப்புப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் இன்னொன்று ஓடிவருவதைப் பார்த்தாள்.

ஒரு காலில் மட்டும் செருப்பு. முகமெல்லாம் சிரிப்பு.

அவள் மகள். நாலு வயது இன்னும் நிறையவில்லை. இந்த நாலைந்து நாளாகத்தான் அப்பா எங்கே என்று கேட்காமல் தூங்கப் பழகியிருந்தாள்.

பறவைகள் அவளைக் கண்டு மிரளவில்லை. அப்பாவின் தோளில் பார்த்துப் பழகிய முகம். அவற்றின் நடுவே புகுந்து நேராகக் கம்பத்துக்குப் போனாள். அதைச் சுற்றி வந்தாள். பின்னால் இருந்த கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு சுற்று வந்தாள்.

பிறகு அம்மாவிடம் ஓடிவந்து, காதைப் பொத்தியிருந்த கைகளைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா ஒளிஞ்சிட்டாரும்மா. இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லு."